எழுதிய புருவம்

எனக்கு இடது புருவத்தில் பாதி கிடையாது. வெளிப்பக்கத்துப் பாதி. ஒன்றரை வருஷமாகக் காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் அதை முதலில் கண்மையால், பிறகு பென்சிலால் எழுதிக்கொண்டுதான் கிளம்பினேன். அழகுக்கு என்று லேபில் எல்லோரும் நினைத்தார்கள். நாற்பத்து மூன்று வயதில் அழகு ஒன்றுதான் எனக்குக் குறைச்சல். பயத்துக்கு எழுதினேன்.

என் பெயர் மணிமொழி. அடையாரில் ஒரு செடி ஆராய்ச்சி லேபில் பன்னிரண்டு வருஷமாக அட்டெண்டர். அதற்கு முன்னால் நந்தனத்தில் ஒரு காலேஜின் பிசிக்ஸ் லேபில் மூன்று வருஷம் இருந்தேன். இப்போது அங்கே என் தம்பி பாலு இருக்கிறான். நாங்கள் சைதாப்பேட்டை ஆற்றங்கரைக்காரர்கள். வீட்டை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு என்னோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது. தூரம்தான் காரணம். நான் இரண்டு பஸ் மாறி வந்து என் வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் மாதத்தில் எனக்குச் சோறு இறங்காது.

கண்ணாடி டியூப் கழுவுவது, அதில் ஊற்ற மீடியா என்கிற, செடி வளரும் கஞ்சியைக் காய்ச்சுவது, வாயைப் பஞ்சால் அடைத்து ஆட்டோகிளேவ் என்கிற பெரிய குக்கரில் அவிப்பது, இதெல்லாம் என் வேலை. சோறு வடிக்கிற மாதிரிதானே என்று ஒருத்தன் சொன்னான், வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். சோற்றில் ஈ விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். மீடியாவில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைத் தூசு ஒன்று விழுந்தால் நாலே நாளில் டியூப் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு வருஷ வேலை குப்பைக்குப் போகும். அதனால் எங்கள் லேபில் யாரும் "சாப்டியா" என்று கேட்கமாட்டார்கள். "கையை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சியா" என்றுதான் கேட்பார்கள். முதலில் கேட்பவர் ஜானு மேடம். மயிலாப்பூர்க்காரர், லேபின் தலைவர், அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறவர்.

அவரிடம் பிஎச்.டி. செய்ய வந்தவள் சிந்து. ஆழ்வார்பேட்டையில் வீடு. வந்த முதல் வாரமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, ஏனென்றால் தன் டியூபைத் தானே கழுவினாள். அவள் எடுத்துக்கொண்ட செடி க்ளப்மாஸ். பூ கிடையாது, விதை கிடையாது. நுனியில் சின்னக் கதிர் வரும், அதில் மஞ்சள் மாவு மாதிரி ஸ்போர் இருக்கும். அந்த மாவு மண்ணுக்குள் போய், வெளிச்சமே படாமல், மாதக்கணக்கில் சும்மா கிடந்து, பிறகு வெள்ளையாக ஒரு சின்ன முண்டு ஆகும். இலை இல்லை, வேர் இல்லை, பச்சை இல்லை. அந்த முண்டிலிருந்துதான் நிஜச் செடி கிளம்பும். அந்த முண்டை டியூபுக்குள் இருட்டில் வளர்த்துக் காட்ட வேண்டும் என்பதுதான் சிந்துவின் படிப்பு.

கொல்லிமலையில் ஒரு சரிவில் அவளே ஏறிப்போய், கதிர்களை உலர்த்தி, இரண்டு சிட்டிகை மாவு கொண்டுவந்தாள். இரண்டு மாதம் கழித்து மழையில் அந்தச் சரிவே இறங்கிவிட்டது. செடி போச்சு. மிச்சம் இருந்தது ஒரு பட்டர் பேப்பர் பொட்டலமும், ஒட்டிக் காயவைத்த நாலு இலையும். பொட்டலத்தின் மேல் நம்பரும் தேதியும் நான் எழுதினேன். லேபில் எல்லா லேபிளும் என் கையெழுத்துதான்.

"இதை நெருப்பு பக்கமே கொண்டுபோயிடாதீங்கக்கா," என்று சிந்து அப்போதே சொன்னாள். "காத்துல பறந்துச்சுன்னா பக்குனு புடிச்சுக்கும். அந்தக் காலத்துல நாடகத்துக்கு மின்னல் காட்டவே இதைத்தான் ஊதுவாங்களாம்."

சொன்னாள்தான். நான் கேட்டேன்தான்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி. "நல்ல நாள். அன்னிக்கே விதைச்சுடலாம், நன்னா வரும்," என்று ஜானு மேடம் நாள் குறித்திருந்தார். பூஜைக்குச் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, "ஆத்துல கொலு, மனுஷா வந்துண்டே இருப்பா, நீ முடிச்சுடு மணிமொழி," என்று மதியமே கிளம்பிவிட்டார். சிந்துவும் போய்விட்டாள். வருஷா வருஷம் நான்தான் முடிப்பேன். ஆட்டோகிளேவுக்குச் சந்தனம், தராசுக்குச் சந்தனம், லாமினார் என்கிற சுத்தக் காற்று மேஜையின் கண்ணாடிக்கு மூன்று பட்டை விபூதி. இடுக்கி, கத்தி, ஊசி எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டுவேன். அந்த வருஷம் சிந்துவின் பொட்டலத்தையும் எடுத்துத் தட்டில் வைத்தேன். அவளுக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் எது. நல்லது நினைத்துத்தான் வைத்தேன், இது சத்தியம்.

கற்பூரம் நெருப்பு என்று என் புத்திக்குப் படவில்லை. கற்பூரம் எனக்குச் சாமி.

ஃபேன் காற்றில் சுடர் சாய்ந்து பட்டர் பேப்பரின் ஓரம் பிடித்தது. சின்னதாகத்தான் பிடித்தது. அணைக்கிறேன் என்று உள்ளங்கையால் ஒரு அடி அடித்தேன். பொட்டலம் பிரிந்து மாவு முகத்துக்கு நேராக எழும்பியது. பக். அவ்வளவுதான். ஒரு மஞ்சள் வெளிச்சம், கண்ணை மூடித் திறப்பதற்குள் அடங்கிவிட்டது. புகைகூட அதிகமில்லை. தட்டில் நகம் அளவு கருகிய காகிதம் கிடந்தது. முடி கருகிய வாசனை வந்தது, அது என் புருவம்.

கருகிய காகிதத்தை விரித்து விரித்துப் பார்த்தேன், ஒரு துகளாவது இருக்காதா என்று. இல்லை. கீழே வாட்ச்மேன் ஹபீபுர் ரஹ்மான் பொரி வாங்கிக்கொள்ளக் காத்திருப்பார் என்று நினைவு வந்தது. முந்தானையால் நெற்றியை மூடிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "தலவலியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுதான் முதல் பொய், நாக்கில் ஒட்டாமல் வந்தது.

நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு விதைப்பு. மேடத்திடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பொட்டலம் எங்கே என்பார்கள். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. பிசிக்ஸ் லேபில் லேசர் ப்ராக்டிகலுக்குக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் பவுடர் தூவுவார்கள். மூன்று வருஷம் அதைத் துடைத்தவள் நான். லைகோபோடியம் என்று டப்பாவில் போட்டிருக்கும். அதுவும் இந்தக் குடும்பம்தான், வெளிநாட்டுச் செடியின் மாவு, கடையில் விற்பார்கள் என்று சிந்துவே ஒருமுறை சொல்லியிருந்தாள்.

நான் நந்தனத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாலு பூஜை முடித்து லேபைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, மூஞ்சி இன்னா ஆச்சு?"

"கற்பூரம் தெறிச்சிச்சு. அத வுடு. அந்த மஞ்சப் பவுடர் கீதா?"

"லேசருக்குப் போடுறதா? கீது. போன வாரம்தான் புது டப்பா வந்துச்சு. உனுக்கு இன்னாத்துக்கு?"

"ரெண்டு சிட்டிகை வோணும். கேள்வி கேக்காத பாலு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கேள்வி கேட்காமல் பூட்டைத் திறந்தான். அவனும் கான்ட்ராக்ட்தான், அவனையும் இதில் இழுத்துவிட்டேனே என்று படியிறங்கும்போதுதான் தோன்றியது. அப்படியே திரும்பி அடையாருக்கு வந்து, அதே மாதிரி பட்டர் பேப்பர் வெட்டி, அதே மடிப்பு மடித்து, மேலே அதே நம்பரும் தேதியும் எழுதினேன். என் கையெழுத்தை நானே பார்த்து எழுதினேன்.

மறுநாள் சிந்து பொட்டலத்தைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"நினைச்சதை விடக் கொஞ்சம் கூடவே இருக்கேக்கா," என்று சிரித்தாள்.

முதலில் மாவை பிளீச்சில் அலசினாள், பிறகு அவித்த தண்ணீரில் மூன்று முறை. ஒவ்வொரு டியூபாக நான் பஞ்சைக் கழற்றி, வாயைச் சுடரில் காட்டி நீட்ட, அவள் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். அறுபது டியூப். அந்த ஸ்பிரிட் விளக்குக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றேன். வேர்வையில் புருவத்தில் எழுதியிருந்த கண்மை வழிகிறதோ என்று முழங்கையால் புருவத்தைத் தொடக்கூட முடியாது, தொட்டால் கை அசுத்தம். கடைசி டியூப் முடிந்ததும் எல்லாவற்றையும் ஃபாயிலில் சுற்றி, பெட்டியில் வைத்து, கறுப்புத் துணி போர்த்தி பீரோவில் பூட்டினோம்.

"இனிமே எட்டு மாசம் யாரும் திறக்கப்படாது," என்றார் ஜானு மேடம். சாவியை என்னிடம்தான் கொடுத்தார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பீரோவைத் தாண்டித்தான் மீடியா ரூமுக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை தாண்டுவேன், முப்பது தடவையும் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். போன் அடித்தால் பாலு மாட்டிக்கொண்டான் என்று நினைப்பேன். மேடம் "மணிமொழி, இங்க வா" என்றால் போச்சு என்று நினைப்பேன், அவர் காபி கேட்பார். எனக்கு இருந்த ஒரே தைரியம், இந்த ஸ்போர் லேசில் முளைக்காது என்பது. எத்தனையோ பேர் போட்டு ஒன்றும் வரவில்லை என்று சிந்துவே சொல்வாள். டப்பாவில் அடைத்து வருகிற மாவா முளைக்கப் போகிறது. வரவில்லை என்று எழுதிவிட்டு வேறு செடிக்குப் போவாள், கதை முடிந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிற அம்மனிடம் தினமும் அதைத்தான் கேட்டேன். தாயே, ஒன்றும் முளைக்காமல் பார்த்துக்கொள். அந்தப் பெண்ணின் சோற்றில் நானே மண் போடச் சொல்லி வேண்டிக்கொண்டேன். வேண்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தில் பாதி சாப்பிட்டேன்.

புருவம் உள்பக்கம் வளர்ந்தது. வெளிப்பக்கம் தழும்பாகிவிட்டது, வளரவில்லை. ஒருநாள் ஆட்டோகிளேவ் ஆவியில் மை வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. சிந்து சிரிசிரியென்று சிரித்தாள். மறுநாள் தி.நகரிலிருந்து ஒரு பென்சில் வாங்கி வந்தாள்.

"இது தண்ணிக்கெல்லாம் போகாதுக்கா. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாதான் போகும். இருங்க, நானே எழுதறேன்."

முகவாயைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். பாதியில் அவள் விரல் நின்றது.

"இங்க என்னக்கா, தழும்பு மாதிரி?"

"சின்ன வயசுல பட்டது," என்றேன்.

அழகாக எழுதிவிட்டுக் கண்ணாடி காட்டினாள். இரண்டு புருவமும் ஒரே மாதிரி இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசு என்று சொன்னேன்.

எட்டாவது மாதம் பீரோவைத் திறந்தோம். அறுபதும் காலி. சிந்து மூலையில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படி வந்ததற்காக என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. "இன்னும் ஆறு மாசம் பாப்போம்," என்று மேடம் திரும்பவும் மூடச் சொன்னார். வேண்டாம் மேடம், போதும் என்று என் வாய் வரைக்கும் வந்தது.

பதினான்காவது மாதம், ஒரு வியாழக்கிழமை. மீடியா காய்ச்சிக்கொண்டிருந்தேன். உள்ளே சிந்துவிடமிருந்து சத்தமே இல்லை. பத்து நிமிஷம் கழித்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரு டியூபில், மீடியாவுக்குள் பாதி புதைந்து, ரவை மாதிரி வெள்ளையாக ஒன்று இருந்தது. பக்கத்து டியூபில் இன்னொன்று. மொத்தம் மூன்று.

"வந்துடுச்சுக்கா," என்றாள். அவ்வளவு மெதுவாக யாரும் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குக் காது அடைத்துவிட்டது. பாலு சொன்னது அப்போதுதான் உறைத்தது, போன வாரம் வந்த புது டப்பா என்று. மாவு உயிரோடு இருந்திருக்கிறது. ஒன்றரை டேபிள் தள்ளி நின்று அந்த வெள்ளை முண்டைப் பார்த்தேன். அதற்கு ஒரு பாவமும் தெரியாது, அது பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பேயைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக ஓடியது. டைரக்டர் வந்து பார்த்தார், போட்டோ எடுத்தார்கள். ஜானு மேடம் ரிட்டையர் ஆகிறதுக்கு முன்னால் ஒரு நல்லது செய்கிறேன் என்று என் பெயரை எழுதிக் கொடுத்தார். "பன்னெண்டு வருஷமா இவ கை சுத்தமா இருந்ததாலதான் இது வந்தது," என்று என் முன்னாலேயே சொன்னார். வேலை நிரந்தரமாயிற்று. ஸ்டாஃப் நம்பர் கொடுத்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நம்பர் கிடையாது. ராத்திரியெல்லாம் ஆசையாக மனப்பாடம் செய்திருக்க வேண்டிய நம்பர். பயத்தில்தான் மனப்பாடம் ஆயிற்று.

சிந்து எழுதி அனுப்பிய கட்டுரையை வாங்கிக்கொண்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த முண்டு அந்த மலைச்செடியுடையதுதான் என்பதற்கு டிஎன்ஏ சான்று எங்கே. காயவைத்த இலையில் கொஞ்சம், முண்டில் ஒன்று, இரண்டையும் சிந்து பேக் செய்து அனுப்பினாள். கூரியர் கவருக்கு லேபிள் நான்தான் எழுதினேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரமும் தினம் காலையில், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் முடிவு செய்வேன். லேபுக்குள் கால் வைத்ததும் நாளைக்கு என்று மாற்றிக்கொள்வேன். பெரும்பாக்கத்தில் வேலை போன பெண்கள் காலையில் வாசலில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வரும். அதோடு என் தைரியம் முடிந்துவிடும்.

நான் பயந்ததெல்லாம் எனக்காக. ரிசல்ட் வந்தால் பழி யார் மேல் விழும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு அந்தப் புத்தி மட்டும் இல்லை.

திங்கட்கிழமை லாமினார் மேஜையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் ரூம் கதவு திறந்திருந்தது.

"இலையும் இதுவும் ஒரே செடி இல்லையாம். இது கடையில விக்கற பவுடரோட ஜாதியாம்." மேடத்தின் குரல் உயரவேயில்லை. "என்ன பண்ணினே சிந்து?"

"நான் எதுவும் பண்ணல மேடம்."

"பொட்டலம் உன்னோடது. விதைச்சது நீ. உன்னோடது முளைக்காதுன்னு தெரிஞ்சுண்டு இதைப் போட்டியா?"

"இல்ல மேடம். சத்தியமா இல்ல."

"நான் யூனிவர்சிட்டிக்கு எழுதித்தான் ஆகணும். டிகிரி மட்டும் இல்லை, இனிமே எந்த லேப்லயும் உன்னை உள்ள விடமாட்டா. தெரியறதா?"

பிறகு சிந்து சொன்னாள்.

"மணி அக்காவைக் கேளுங்க மேடம். பொட்டலத்தைப் பிரிச்சதுலேருந்து பீரோவைப் பூட்டற வரைக்கும் என் பக்கத்துலயே நின்னாங்க. அவங்க பாத்தாங்க. அவங்க பொய் சொல்லமாட்டாங்க."

"மணிமொழி," என்று மேடம் கூப்பிட்டார். "இங்க வா."

பஞ்சோடு அப்படியே போய் நின்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். சிந்துவின் மூக்கு சிவந்திருந்தது. அவள் முகத்தில் சந்தேகம் என்று ஒரு துளி இல்லை, அக்கா வந்துட்டாங்க, இனிமே சரியாயிடும் என்கிற முகம். மேஜை மேல் மேடம் லெட்டர்ஹெட் தாள் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். இன்னும் எழுதவில்லை.

"சொல்லு. அன்னிக்கு அவ பிரிச்சது எந்தப் பொட்டலம்?"

சிந்துவோட நம்பர் இருந்த பொட்டலம்தான் மேடம், நான் பார்த்தேன் என்று சொல்லலாம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்கும் ஒன்றும் உதவாது. வாயால் ஆரம்பித்தால் வேறு எதையாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

கையிலிருந்த பஞ்சை இடது புருவத்தின் மேல் வைத்து அழுத்தித் துடைத்தேன். எரிந்தது. திருப்பி வைத்து இன்னொரு முறை துடைத்தேன். பஞ்சு கறுப்பாகிவிட்டது.

"என்ன பண்றே நீ?" என்றார் மேடம்.

சிந்து எழுந்து வந்தாள். என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள், பென்சிலால் எழுதினாளே, அன்றைக்குப் பிடித்த மாதிரியே. தழும்பைப் பார்த்தாள். அந்த மாவு நெருப்பில் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும், எனக்குச் சொன்னவளே அவள்தான்.

"எப்பக்கா?"

"நீ விதைக்கறதுக்கு மொத நாளு. பூஜைல, கற்பூரம் காட்டசொல்ல. உன்னுது எல்லாம் எரிஞ்சிபோச்சும்மா. காலேஜ்லேர்ந்து அந்தப் பவுடரை எடுத்தாந்து மடிச்சி வெச்சது நான்தான்."

அவள் கை என் முகத்திலிருந்து எடுபட்டது. திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. தன் விரலில் ஒட்டியிருந்த கறுப்பைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே போனாள். பீரோக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. யாரோ திறந்துபோட்டிருக்க வேண்டும், உள்ளே வெளிச்சம் படக்கூடாது.

ஜானு மேடம் யூனிவர்சிட்டிக்கு எழுத வைத்திருந்த தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வேறு தாள் எடுத்தார். பேனாவைத் திறந்து மேலே என் பெயரை எழுதினார்.

"உன் ஸ்டாஃப் நம்பர் என்ன?" என்று கேட்டார்.

கொடுத்த நாளிலிருந்து அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தப்பில்லாமல் சொன்னேன்.